தில்லியில் ஆராதனை, நல்லேப்பிள்ளியில் அதட்டல்

கிறிஸ்தவர்களை நெருங்கத் துடிக்கிறது கேரள பா.ஜ.க. தலைமை. அடிமட்டத் தொண்டர்களோ வேறு திசையில் போகிறார்கள்.

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. விடுமுறைக்கு முந்தைய நாள் என்பதால் நல்லேப்பிள்ளி அரசு யு.பி. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமும் பாட்டுமாகப் பிள்ளைகள் குதூகலத்தில் இருந்தபோது சிலர் வந்து ஆசிரியைகளிடம் சண்டைக்கு நின்றார்கள். கிறிஸ்துமஸ் எதற்கு, கிருஷ்ண ஜெயந்தி ஏன் கொண்டாடுவதில்லை என்பது அவர்கள் கேள்வி. பிள்ளைகள் முன்னிலையிலேயே வசை பொழிந்ததாகப் புகார். இரண்டு நாள் கழித்து விஸ்வ ஹிந்து பரிஷத்தைச் சேர்ந்த மூன்று பேரை சித்தூர் போலீஸ் கைது செய்தது.

அதற்கு மறுநாள், டிசம்பர் 23. தில்லியில் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைமையகத்தில் நடந்த கிறிஸ்துமஸ் விழாவில் பிரதமர் நரேந்திர மோடி கலந்துகொண்டார். பிரதமர் ஒருவர் அந்த வளாகத்துக்கு விழாவுக்காக வந்தது அதுவே முதல் முறை. அதே நாள்களில் நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்திலுள்ள தத்தமங்கலம் பள்ளியில் கிறிஸ்துமஸ் குடில் உடைந்து கிடந்தது. அதை உடைத்தது யார் என்பது தனி விசாரணை. ஆனால் திருச்சூர் ஆர்த்தடாக்ஸ் ஆயர் யூஹானோன் மார் மெலெத்தியோஸ் விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. அங்கே ஆயர்களுக்கு மரியாதை, குடிலுக்கு வணக்கம். இங்கே குடில் உடைப்பு என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் குத்தலாக எழுதினார். திருச்சூர் ஆயர் சொன்னதால் அது பா.ஜ.க.வுக்குக் கூடுதலாகவே உறைத்தது.

காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில்தான் நடிகர் சுரேஷ் கோபி திருச்சூரில் 74,686 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போன முதல் பா.ஜ.க. உறுப்பினர் ஆனார். கிறிஸ்தவ ஓட்டுகள் கணிசமாக விழாமல் அந்த வெற்றி இல்லை என்பது கட்சிக்குத் தெரியும். 2011 கணக்குப்படி மாநிலத்தில் 18 சதவீதத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள். அவர்களை விட்டுவிட்டுக் கேரளத்தில் ஆட்சிக் கனவு காண முடியாது. அதனால்தான் 2023 ஈஸ்டரன்று தில்லி பேராலயத்துக்குப் பிரதமரின் வருகை, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக 'ஸ்நேக யாத்திரை', 2024இல் ஜார்ஜ் குரியனுக்கு மத்திய அமைச்சர் பதவி. அப்போதைய மாநிலத் தலைவர் கே. சுரேந்திரன் கேக்கும் வாழ்த்து அட்டையுமாகக் கிறிஸ்தவ வீடுகளுக்கு ஆள் அனுப்பிய யாத்திரைக்கு ஓராண்டு நிறைவதற்குள் நல்லேப்பிள்ளி வந்துவிட்டது.

ஊர் சின்னது. சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து பொள்ளாச்சியும் கோவையும் தூரமில்லை. தென்னந்தோப்பு, பனை, கள், ஆழியாற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை என்று பேச்சு ஓடும் பகுதி. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும். இங்கிருக்கும் லத்தீன் கத்தோலிக்கர்களில் பலர் தமிழர்கள்; 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் பிரியும்வரை இந்தப் பக்கம் கோவை ஆயரின் கீழ்தான் இருந்தது.

ஆனால் பாலக்காடு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நான்கு சதவீதம்தான். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கிறிஸ்தவர்களோடு ஒத்துப்போனால் கிடைக்கும் ஓட்டு திருச்சூரிலும் கோட்டயத்திலும். அதற்காக வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் பாலக்காட்டுத் தொண்டர். கேரளத்திலேயே முதன்முதலாக 2015இல் பா.ஜ.க. வசம் வந்த நகராட்சி பாலக்காடு. 2020இல் மறுபடி ஜெயித்தபோது நகராட்சிக் கட்டிடத்தின் மேலிருந்தே 'ஜெய் ஸ்ரீராம்' பேனரைத் தொங்கவிட்டவர்கள் இவர்கள். ஸ்நேக யாத்திரையால் இவர்களுக்கு என்ன லாபம்? தலைமை இதுவரை பதில் சொன்னதில்லை.

கட்சிக்கும் பள்ளிச் சம்பவத்துக்கும் சம்பந்தமில்லை என்றது பா.ஜ.க. தரப்பு. பரிஷத் வேறு, கட்சி வேறு என்பது ஏட்டளவில் சரி. பூத்தில் உட்கார வருகிறவர்களைப் பார்த்தால் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், பாலக்காடு இடைத்தேர்தல் சூட்டில், பா.ஜ.க.வின் தொலைக்காட்சி முகமாக இருந்த சந்தீப் வாரியர் காங்கிரசுக்குப் போயிருந்தார்.

இந்த இழுபறி பழையது. 1998 கிறிஸ்துமஸ் சமயத்தில் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. நேரில் போய்ப் பார்த்த பிரதமர் வாஜ்பாயி, மதமாற்றம் பற்றித் தேசிய விவாதம் தேவை என்று சொல்லித் திரும்பினார். அடிபட்டவர்களைப் பார்க்கப் போனவர், அடித்தவர்களின் கேள்வியோடு வந்தார். அத்வானிக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. 2005இல் கராச்சியில் ஜின்னாவைப் புகழ்ந்ததற்கு விலையாகக் கட்சித் தலைவர் பதவியை இழந்தார்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தீர்க்கப்படுகிறது. குடியரசுக் கட்சியில் வேட்பாளரையே கட்சி வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதால், டிரம்பை எதிர்த்த லிஸ் செனி 2022 ஆகஸ்டில் வயோமிங்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இத்தனைக்கும் அவர் மிதவாதி கூட இல்லை, பழுத்த பழமைவாதி. இங்கே அப்படித் தேர்தல் கிடையாது. தொண்டர் தன் அதிருப்தியைத் தெருவில் காட்டுகிறார்.

2025 ஜூலையில் சோதனை இன்னும் கடுமையாக வந்தது. சத்தீஸ்கரில் துர்க் ரயில் நிலையத்தில் கேரளக் கன்னியாஸ்திரிகள் இருவர் பஜ்ரங்தள் புகாரின்பேரில் கைதானார்கள். அங்கே ஆள்வது பா.ஜ.க.; முதல்வர் விஷ்ணு தேவ் சாய் கைதை நியாயப்படுத்தினார். கேரளத்தில் கட்சித் தலைவராகியிருந்த ராஜீவ் சந்திரசேகரோ கன்னியாஸ்திரிகளுக்காகப் பேசினார். மாநிலப் பொதுச் செயலாளர் அனூப் ஆண்டனியை சத்தீஸ்கருக்கே அனுப்பினார். ஒரே கட்சி, ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் நின்றது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஜாமீன் கிடைத்தது. ஜாமீனுக்கு முன்பே ராஜீவுக்கு வசவு கிடைத்துவிட்டது, அதுவும் சங்கப் பரிவாரத்துக்குள்ளிருந்தே. ஓட்டுக்காகக் கொள்கையை விற்கிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்த ராஜீவுக்கு இது புதுப் பாடம். ஷாகா வழியே வளராத தலைவர் சமரசம் பேசினால் தொண்டருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. சமரசம் பேசாவிட்டால் ஆயர் இல்லங்களின் கதவு திறக்காது.

2025 டிசம்பரில் மீண்டும் பாலக்காடு. புதுசேரியில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போன சிறுவர்கள் குழு தாக்கப்பட்டது. சங்கத் தொடர்புள்ளவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் கைதானார். சிறுவர்கள் கொண்டுபோன டிரம்மில் சி.பி.எம். பெயர் எழுதியிருந்தது என்று உள்ளூர் பா.ஜ.க. தரப்பு சுட்டிக்காட்டியது. சில நாள் கழித்து, கிறிஸ்துமஸ் காலையில், தில்லி ரிடெம்ப்ஷன் பேராலய ஆராதனையில் பிரதமர் உட்கார்ந்திருந்தார்.