இன ஒருமையும் இரட்டை அளவுகோலும்

ஒடுக்கப்பட்ட மக்கள் ஒருமுகமாக வாக்களிக்கும்போது அதனை ‘இனவுணர்வு’ என்றும், ஆதிக்க நிலையிலுள்ளோர் அவ்வாறே வாக்களிக்கும்போது அதனைக் ‘கொள்கைத் தெரிவு’ என்றும் கொள்வது முதலாளித்துவ அரசியல் விமரிசனத்தில் வேரூன்றிய வழக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தேர்தலில் கறுப்பின வாக்காளருள் ஏறத்தாழ 95 வீதத்தினர் பராக் ஒபாமாவை ஆதரித்ததாக வாக்களித்தோரிடம் எடுக்கப்பட்ட கணிப்புகள் காட்டின. நிறம் பார்த்து வாக்களித்தனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆயின், 2000இல் அல் கோருக்கு 90 வீதமும் 2004இல் ஜோன் கெரிக்கு 88 வீதமும் அளித்தவர்கள் இதே மக்களே, அவ்விருவரும் வெள்ளையர். 2006இல் மேரிலண்ட் மாநிலச் செனற் தேர்தலில், குடியரசுக் கட்சியின் கறுப்பின வேட்பாளர் மைக்கல் ஸ்டீலை விடுத்து, சனநாயகக் கட்சியின் வெள்ளையரான பென் கார்டினையே கறுப்பினத்தவருட் பெரும்பாலானோர் தெரிவுசெய்தனர். நிறமே காரணமெனின் இது நிகழ்ந்திராது.

மறுபுறம், 2008இல் அலபாமாவின் வெள்ளை வாக்காளருள் சுமார் 88 வீதத்தினர் ஜோன் மக்கெயினை ஆதரித்தனர். அங்கு கெரி பெற்றிருந்த வெள்ளையர் ஆதரவு 19 வீதம். ஒபாமா பெற்றதோ 10 வீதமே. எனினும் இவ்வாக்கு ‘இன வாக்கு’ என அதே கடுமையுடன் விசாரிக்கப்படவில்லை.

இவ்விரு போக்குகளுக்கும் வரலாற்று அடிப்படை உண்டு. 1964இல் குடியுரிமைச் சட்டத்தில் லிண்டன் ஜோன்சன் ஒப்பமிட்டார். அதனை எதிர்த்து வாக்களித்த பரி கோல்ட்வோட்டர் அவ்வாண்டுத் தேர்தலில் மிசிசிப்பி மாநிலத்தில் 87 வீத வாக்குகளைப் பெற்றார். அங்கு கறுப்பினத்தவருள் மிகப் பெரும்பாலோர் அன்று வாக்காளராகப் பதிவுசெய்யவே இயலாதிருந்தனர். அவர்களது வாக்குரிமைக்கு உறுதியான சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது 1965இலேயாகும். எனவே, ஒரு சாராரின் ஒருமை உரிமையை வென்றெடுப்பதற்கானது. மறு சாராரின் ஒருமை பெருமளவுக்குச் சலுகையைக் காப்பதற்கானது. இரண்டையும் சமமெனக் கொள்வதும் தவறே.

அதேவேளை, இன ஒருமை வர்க்க முரண்பாடுகளை மூடிமறைக்கவும் வல்லது. 2008 ஒக்ரோபர் 1ஆந் திகதி, வங்கிகளை மீட்கும் சட்டமூலத்தைச் செனற் சபையில் ஒபாமாவும் மக்கெயினும் ஒருங்கே ஆதரித்தனர். நிதி மூலதனத்தின் நலன் என்று வந்தபோது நிறவேறுபாடு அங்கு தடையாகவில்லை.

ஆகவே, இன ஒருமையை நாம் போற்றவோ தூற்றவோ முற்படுமுன், அது எந்த நிலைமைகளிற் பிறந்தது, எவர் நலனுக்கு உதவுகின்றது என்று வினவுதல் வேண்டும். அவ்வினா ஒடுக்கப்பட்டோரிடம் மட்டும் எழுப்பப்படுமாயின், அது ஆய்வாகாது. ஒடுக்குமுறையின் மற்றொரு வடிவமேயாகும்.