மூட்டை எடை குறைந்தால் யாரைக் கேட்பது?



கோடையில் ஒரு முறை நமது தாம்பரம் கிடங்கில் மிளகாய் வற்றல் எடை குறைவதாகத் தெரிந்தது. பல ஆண்டு நம்மிடம் வேலை பார்க்கும் எடையாள் மேல் சந்தேகம் வந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்க இருந்த நேரத்தில், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பேத்தி தடுத்தாள். "தாத்தா, குறைந்தது நிஜந்தானா என்று முதலில் பாருங்கள்" என்றாள். அவள் சொன்ன முறை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

வற்றல் மூட்டைகள் ஒரே எடையில் வருவதில்லை. ஒன்று 22 கிலோ, இன்னொன்று 28 கிலோ. வந்த அன்று ஆறு மூட்டையும், மாதம் கழித்து வேறு ஆறு மூட்டையும் நிறுத்தால், கிலோக் கணக்கு வித்தியாசத்தில் கிராம் கணக்குக் குறைவு மறைந்துவிடும். எனவே அதே மூட்டைகளை அதே தராசில் இரு முறை நிறுக்க வேண்டும். பொறுக்கி எடுக்காமல் ஆறு மூட்டை எடுத்து, எண் போட்டு, ஒவ்வொன்றின் குறைவை மட்டும் குறிக்க வேண்டும். இதற்கு இணை டி சோதனை என்று பெயர்.

நமக்கு வந்த குறைவு, கிராமில்: 200, 300, 250, 150, 350, 250. சராசரி 250. பள்ளியில் படித்த திட்ட விலக்கம் போட்டால் (ஆறுக்குப் பதில் ஐந்தால் வகுத்து) சுமார் 71. அதை ஆறின் வர்க்கமூலம் 2.45ஆல் வகுத்தால் 29. சராசரி 250ஐ 29ஆல் வகுத்தால் 8.6. இதுவே டி மதிப்பு. ஆறு மூட்டைக்கு அட்டவணை காட்டும் எல்லை 2.57. உண்மையில் மாற்றமே இல்லையென்றால், அந்த எல்லையைத் தற்செயலாகத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். நம் கணக்கு வெகுதூரம் தாண்டிவிட்டது. ஆக, குறைவு நிஜம்.

இந்தக் கணக்கும் தொழிலில் பிறந்ததே. டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட் என்பவர் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஒரே 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்து கொடுத்துப் பார்த்த கணக்கை அதில் உதாரணமாகக் காட்டினார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்தது என்று சோதனை சொல்லும். ஏன் குறைந்தது, யார் எடுத்தார் என்று சொல்லாது. எனவே அடுத்த லோடில் ஆறு மூட்டையைத் தைத்து, சீல் வைத்து, பூட்டிய அறையில் வைத்தோம். சாவி நம் இடுப்பில் இருந்தது. அந்த மூட்டைகளும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தன. வற்றலின் ஈரம் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று வாய் திறந்திருந்தால் நல்ல மனிதர் ஒருவரை இழந்திருப்போம். இப்போது காய்ச்சல் கழிவைக் கணக்கில் சேர்த்தே விலை வைக்கிறோம். நண்பர்களே, ஆள் மேல் சந்தேகப்படுமுன் அதே மூட்டையை இன்னொரு முறை தராசில் ஏற்றுங்கள்.