சிறு ஜாதி நாயின் பேறுகாலம்

தமிழ்நாட்டு நகரங்களில் நடுத்தரக் குடும்பத்தினர் வீட்டோடு வைத்து வளர்க்கும் நாய்களுள் பொமரேனியனுக்கு நெடுங்காலமாகவே தனியிடம் உண்டு. 1888-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்றிருந்த விக்டோரியா மகாராணி, அங்கே இந்த ஜாதி நாய்களிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தம்முடன் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கிய பிறகு, சிறிய உருவமே அழகு என்னும் அபிப்பிராயம் இங்கிலாந்தில் வேரூன்றி, முன்னர் நல்ல உடற்கட்டோடு இருந்த அந்த ஜாதி, சில தலைமுறைகளுக்குள் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மடிநாயாகக் குறுகிவிட்டது. மனிதனுடைய ரசனைக்காக நேர்ந்த இந்தக் குறுக்கத்தின் பாரத்தைச் சுமப்பது பெட்டை நாயின் தேகமே. ஏனெனில் தாயின் இடுப்பெலும்பு சிறுத்த அளவுக்குக் குட்டியின் தலை சிறுக்கவில்லை. நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரோடு வளரும் நாய்களுள் பல, உண்மையில் சற்றே பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவையாதலால் அவற்றுக்கு ஓரளவு சிரமம் குறைவு. அசல் பொமரேனியனுக்கும், சிவாவாவுக்கும், பெருந்தலை கொண்ட பக் நாய்க்கும் ஒவ்வொரு பிரசவமும் பரீட்சையே.

ஒன்றிரண்டு குட்டிகள்தானே, எளிதில் ஈன்றுவிடும் என்று பலர் நினைப்பதும் சரியன்று. கருப்பையில் ஒரே குட்டி இருக்கும்போது அது வேண்டிய அளவுக்கு மேல் வளர்ந்துவிடுவதோடு, பிரசவத்தைத் தொடங்கிவைக்கும்படி தாயின் உடலைத் தூண்டுவதற்கு அந்த ஒரு குட்டி சுரக்கும் ரசம் போதாமல் போவதும் உண்டு. ஆகவே, சிறு நாயைச் சினையாக்க விரும்புவோர், தம் பிரியம் ஒன்றையே நம்பி இருந்துவிடாமல், எந்த வேளையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும், எந்த வேளையில் ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும் என்னும் விவேகத்தை முன்கூட்டியே தேடிக்கொள்வது கடமையாகும்.

முதற்காரியம் தேதியைக் குறித்து வைப்பது. நாயின் கர்ப்பகாலம் சராசரியாக 63 நாட்கள். ஆயினும், ஆணின் விந்து பெட்டையின் உடலில் பல நாட்கள் உயிரோடு தங்கக்கூடியதாதலால், இணை சேர்ந்த தினத்திலிருந்து எண்ணும்போது 58 நாட்களிலும் ஈனலாம், 68 நாட்களும் ஆகலாம். நான்கு வாரம் கடந்தபின் ஸ்கேன் செய்து பார்த்தால் சினை உறுதிப்படுவதோடு குட்டிகளின் இருதயத் துடிப்பையும் காணலாம். ஆனால் எண்ணிக்கையைத் திட்டமாக அறிவதற்கு, எலும்புகள் நன்கு முற்றும் 55-ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரே படமே ஏற்றது. அந்த எண்ணிக்கை தெரிந்திராவிட்டால், நள்ளிரவில் இரண்டு குட்டிகளை ஈன்றுவிட்டுத் தாய் அயர்ந்து படுத்திருக்கையில், பிரசவம் முடிந்ததா, மூன்றாவது குட்டி உள்ளே சிக்கித் தவிக்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஆகார விஷயத்தில் அவசரம் கூடாது. முதல் ஐந்து வாரங்கள் வழக்கமான உணவே போதும். அதன்பின் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போய், ஈனும் தருணத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை கொடுக்கலாம். கர்ப்பம் முற்றி வயிறு நெருக்குண்ட காலத்தில் சிறு நாயால் ஒரே வேளையில் அதிகம் உண்ண இயலாதாகையால், அதே அளவை நான்கைந்து வேளைகளாகப் பிரித்து, முட்டையும் இறைச்சியும் கலந்தோ, குட்டி நாய்களுக்கென்று விற்கும் தீவனமாகவோ கொடுப்பது உத்தமம். வயிற்றுப் புழுக்கள் தாயிடமிருந்து கருவிலுள்ள குட்டிகளுக்கே சென்றுவிடக் கூடியவை என்பதால், புழு நீக்கும் மருந்தை வைத்தியரைக் கேட்டே கொடுக்க வேண்டும்; வேறெந்த மருந்தையும் அவருடைய அனுமதியின்றிக் கொடுக்கலாகாது.

சினையாயிருக்கிறதே என்ற இரக்கத்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தினந்தோறும் புகட்டும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நன்மை கருதிச் செய்யும் இக்காரியம் தீமையாகவே முடியும். எலும்பில் சேமித்துள்ள சுண்ணாம்பை வேண்டியபோது எடுத்து இரத்தத்தில் சேர்ப்பதற்கென்று உடலில் ஒரு சுரப்பி இருக்கிறது. வெளியிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அச்சுரப்பி தன் வேலையில் சோர்ந்துபோய், ஈன்றபின் பால் திடீரெனப் பெருகும்போது ஈடுகொடுக்க மாட்டாமல் நிற்கும். அதன் விளைவாக, ஈன்ற முதல் நான்கு வாரங்களுக்குள், சிறு ஜாதித் தாய்க்கு இளைப்பும், நடையில் விறைப்பும், நடுக்கமும், கடும் ஜுரமும், இறுதியில் வலிப்பும் கண்டு, சில மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். இந்த லட்சணங்களுள் முதலாவது தென்பட்டவுடனே குட்டிகளைப் பிரித்துவைத்துவிட்டுத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், வைத்தியர் இருதயத் துடிப்பைக் கவனித்தபடியே இரத்தக்குழாயில் மெதுவாகச் செலுத்தும் சுண்ணாம்பு மருந்தினால் அது வெகு விரைவில் தேறிவிடும்.

ஈனும் நாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், தாய் கால்நீட்டிப் படுக்கவும், குட்டி வெளியே உருண்டுவிடாமல் தடுக்கவும் ஏற்ற பெட்டி ஒன்றை வைத்துப் பழக்க வேண்டும். நம் வீடுகளில் இளங்குட்டிகளுக்கு எறும்பு கொடிய பகையாதலால், பெட்டியைப் பலகையின் மேல் ஏற்றி, பலகையின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவது நன்று. செய்தித்தாளும் துவைத்து உலர்த்திய பழைய பருத்தித் துணிகளும், கொதிநீரில் இட்டெடுத்த கத்தரிக்கோலும், தடித்த நூலும், டிஞ்சர் அயோடினும், தர்மாமீட்டரும், கிராம் கணக்கில் நிறுக்கும் தராசும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அடர்ந்த ரோமமுள்ள நாயாயின், முலைக்காம்புகளைச் சுற்றியும் வாலின் அடியிலும் ரோமத்தைக் கத்தரித்துவிடுவது குட்டிகளுக்கும் சுத்தத்துக்கும் உதவும்.

58-ஆம் நாள் நெருங்கியதும் காலையும் மாலையும் உடலுஷ்ணத்தை அளந்து எழுதிவர வேண்டும். வழக்கமாக 101 அல்லது 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும் உஷ்ணம் 99-க்கும் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்கும். பிறகு நாய் உணவை மறுக்கும்; துணியைக் கால்களால் கீறி ஒதுக்கும்; இளைக்கும், நடுங்கும்; இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. இந்த முதற்கட்டம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரமும், தலையீற்றாயின் இன்னும் நீண்டும் இருக்கலாம். அப்போது நாம் செய்யத்தக்கது அருகில் அமைதியாக இருப்பதே. அக்கம்பக்கத்தாரையும் குழந்தைகளையும் கூட்டிவைத்து வேடிக்கை காட்டினால், அச்சமடைந்த தாய் வலியை அடக்கிக்கொண்டுவிடும்.

முக்கல் தொடங்கியபின் குட்டி பனிக்குடத்தோடு வெளிப்படும். தலைக்குப் பதிலாகப் பின்னங்கால்கள் முதலில் வருவது நாய்களில் சகஜம். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. தாயே பனிக்குடத்தைக் கிழித்துக் கொடியைக் கடித்துக் குட்டியை நக்கிவிடும். அது செய்யாதிருந்தால், உடனே நாம் உறையை நீக்கி, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் நன்றாகத் தேய்த்து மூச்சு வரச் செய்ய வேண்டும். கொடியை வயிற்றிலிருந்து ஓரங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்கப்பால் நறுக்கி அயோடின் தடவ வேண்டும்.

இனி, கடிகாரத்தைப் பார்த்தே தீர வேண்டிய நிலைமைகள். முழுப் பலத்தோடு முக்கியும் அரை மணி நேரத்துக்குள் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டி பிறந்தபின் உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் அடுத்தது வராமல் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டாலும், உஷ்ணம் இறங்கி ஒரு நாள் முழுதும் வலி காணாவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்னரே கரும்பச்சைத் திரவம் வெளிப்பட்டாலும் வைத்தியரிடம் விரைய வேண்டும். முதல் குட்டிக்குப் பின் அந்நிறம் இயற்கையே. முன்னதாக வந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு குறைகிறது என்பதே பொருள். வலியைத் தூண்டும் ஊசியை வைத்தியரல்லாதார் போடுவது மகா அபாயம். வழி அடைபட்டிருக்கையில் அது கருப்பையையே கிழித்துவிடக் கூடும். 1903-ஆம் ஆண்டில் தோன்றிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி போன்று அறுவைச் சிகிச்சைக்கு வசதியுள்ள இடம் தம் ஊருக்கு அருகில் எது, இரவில் அங்கே வைத்தியர் இருப்பாரா, போய்ச்சேர வாகனம் கிடைக்குமா என்பவற்றை முன்னரே விசாரித்து அறிந்திருக்க வேண்டும்.

பிறந்த குட்டியின் எடை சுமார் நூறு கிராமே. தன் உடலுஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாதாகையால், முதல் வாரம் பெட்டிக்குள் 85 முதல் 90 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி உதவும். முதல் நாளிலேயே ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்தாக வேண்டும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் அது ஜீரணமாகாது. முதலில் உடலைச் சூடேற்றிப் பின்னரே புகட்ட வேண்டும். பசும்பாலில் நாய்ப்பாலின் கொழுப்பும் புரதமும் இல்லையாதலால், தாய்ப்பால் போதாத குட்டிகளுக்கென்று விற்கும் மாற்றுப்பாலே தக்கது. தினமும் நிறுத்து வந்தால், ஏறக்குறைய பத்து நாளில் எடை இருமடங்காகியிருக்கும். ஏறாமல் நின்றுவிட்ட குட்டி அபாயத்திலிருக்கிறது என்று அறியலாம்.

பெட்டை நாய் ஒரு முறையேனும் குட்டி போட்டால்தான் அதன் தேகாரோக்கியம் நிலைக்கும் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருக்கிறது. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை. மாறாக, இளமையிலேயே கருப்பை நீக்கும் அறுவை செய்துவிட்டால், கருப்பையில் சீழ் கட்டும் நோய் வராமலும், மார்புக்கட்டி தோன்றும் வாய்ப்புக் குறைந்தும் அது நெடுநாள் சுகமாக வாழும். ஆகவே, குட்டிகளை ஏற்று வளர்க்க நல்ல இல்லங்கள் காத்திருக்கின்றனவா, இரவுபகல் விழித்திருக்கத் தமக்கு அவகாசம் உண்டா, அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் அதற்குப் பொருள் இருக்கிறதா என்ற மூன்று வினாக்களுக்கும் நேர்மையாக விடை கண்ட பின்னரே நாயை இணை சேர்க்க எண்ண வேண்டும். மூன்றில் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையானால், அந்த நாயைச் சினையாக்காமலே அன்போடு வைத்திருப்பது அதற்குச் செய்யும் உபகாரமேயாகும்.