பயிற்சி கொடுக்கப் போன தமிழாசிரியர்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலின் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. 2018-19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தபோது பாடத்தின் ஓரத்தில் கியூஆர் கோடு அச்சானது. கடைசிப் பக்கத்தில் ‘விரைவுக் குறியீடு மேலாண்மைக்குழு’ என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் சில பெயர்கள், ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஊர்ப் பள்ளியின் முகவரி. இவர்கள் மென்பொருள் நிறுவன ஆட்கள் அல்லர், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள். அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய ‘தீக்ஷா’ தளத்தில் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும்.

மொழியாசிரியர்கள் இந்தக் கணினி வேலைக்கு வந்ததற்கு எழுத்துருத் தொல்லையும் ஒரு காரணம். வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாள் பக்கத்துப் பள்ளிக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரை ஒன்றியம் முழுவதும் தேடி வந்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும், பழைய கோப்புகளை மாற்றித் தரும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது. பிறகு யூடியூப் சானல், பாடநூல் குழு, பயிற்சிகளில் கருத்தாளர் என்று அடுத்தடுத்த படிகள்.

முறையான பதவிகளும் உண்டு. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் ஆகலாம். 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் ஆகலாம். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கோ, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கோ மாற்றுப்பணியில் போகலாம். ஆனால் நடப்பில், பதவி ஏதும் இல்லாமல், ஓ.டி. (பணிநிமித்த அனுமதி) போட்டுவிட்டுப் பயிற்சிக்கு ஓடும் கருத்தாளர்களே இந்தத் துறையைத் தாங்குகிறார்கள்.

கணினிக்காரரால் முடியாத எதை இந்த ஆசிரியர் செய்கிறார்? ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். எழுதும்போது கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் கடைசியில். காதில் விழுவதோ முதலில் ககர ஒலி. கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு வேறொரு வரிசை. குழந்தை திணறும் இடம் இதுதான். பழைய தட்டச்சு முறையில் கொம்பைத்தான் முதலில் அடிக்க வேண்டும். 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையிலோ ககரத்தை அடித்து ஒகரத்தைத் தட்டினால் போதும், திரையில் உறுப்புகள் தாமே இடம் பிடிக்கும். இதைப் பார்த்ததும் ‘அடடா, இதை வைத்தே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுக்கலாமே’ என்று தோன்றுவது இரண்டாம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவருக்குத்தான். பொம்மை ஆடும் வீடியோ எத்தனை அழகாக இருந்தாலும் அந்தத் திணறலைத் தொடாவிட்டால் அது வெறும் வேடிக்கை.

கல்வியியலில் இதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்த தனி அறிவு ஆசிரியருக்கு வேண்டும் என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அதோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து 2006இல் ‘டிபேக்’ என்ற சட்டகத்தைத் தந்தவர்கள் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும். மூன்றும் ஒருவரிடமே கலந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நம் பயிற்சிகளில் மூன்றுக்கும் மூன்று அமர்வுகள் வைத்துவிடுகிறோம், நடுவில் டீ.

சிக்கல் பயிற்சி இறங்கும் வழியிலும் இருக்கிறது. மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கும், அங்கே கற்றவர் ஒன்றியத்துக்கும், அங்கிருந்து ஆசிரியருக்கும் என ஒவ்வொரு படியிலும் நேரம் சுருங்கும், சொன்னது மெலியும். 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நிலைக்குப் பாடம் நடக்கையில் மற்ற இரண்டும் என்ன செய்யும் என்பதைப் பவர்பாயிண்டில் காட்ட முடியாது. நிஜ வகுப்பைப் படமெடுத்துக் காட்டினால் கடைசிப் படியில் இருக்கும் ஆசிரியரும் மூலத்தையே பார்ப்பார். வீடியோ உண்மையில் உதவும் இடம் இதுதான். ஆனால் படப்பிடிப்புக்கென்று ஒத்திகை பார்த்து, பிள்ளைகள் எல்லோரும் சரியாகப் பதில் சொல்லும் மாதிரி வகுப்புகளே அதிகம் வருகின்றன.

நல்ல ஆசிரியர் என்பதால் பயிற்றுநராக எடுக்கப்பட்டவர், பல ஆண்டுகள் பிள்ளைகளைவிட்டு விலகி, பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் எல்லாம் பதிவாகிவிட்டனவா என்று பள்ளி பள்ளியாகக் கேட்டுக்கொண்டு திரிகிறார். ‘கொ’வில் தடுமாறும் குழந்தையை அவர் கடைசியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று? வாரத்தில் ஒரு நாளாவது பயிற்றுநர் ஏதாவது ஒரு பள்ளியில் முழுப் பாடவேளை எடுக்கட்டும். அதையே படமும் பிடிக்கட்டும். இதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. அந்த ஒரு நாளுக்கு எமிஸ் வேலையை வேறு யாராவது பார்த்தால் போதும்.