உள்பாவாடையில் ஒரு பை

ஆண்கள் சட்டையில் பை இருக்கு. நமக்கு முந்தானை முடிச்சுதான். பீங்கான் கம்பெனியில் வாங்கின வாரக் கூலியும் குழுச் சேமிப்பும் அதிலேதான். விருத்தாசலம் பஸ் நெரிசலில் முடிச்சு அவிழ்ந்தால் ஒரு வார உழைப்பு போச்சு!

உள்பாவாடையில் பை வைத்துத் தையுங்கள். 7 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் காடாத் துணி போதும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவையுங்கள், பிறகு சுருங்காது. மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, பிரஸ் பட்டன் வையுங்கள். நாடாவுக்கு 2 அங்குலம் கீழே, கை சுலபமாகப் போகும் பக்கத்தில் வைத்து, மற்ற மூன்று ஓரத்தையும் அரை அங்குலம் உள்மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். பாரம் இழுப்பது மேல் மூலைகளைத்தான். அங்கே முக்கோணமாகத் தைத்தால் கிழியாது.

கைச்செலவுச் சில்லறையை மட்டும் வெளியே வையுங்கள். நம்ம சம்பாத்தியம் நம்ம பையில் இருக்கட்டும்!