விதைக்குக் கொடுக்கும் முதல் தண்ணீர்

சித்தையன்கோட்டை நஞ்சைக்காரர்களுக்கு விதையை ஊறப்போடுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல்லைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் போட்டு, எடுத்து மூட்டம் வைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தெளிப்பார்கள். மலையிலிருந்து இறங்கும் குடகனாறும், பக்கத்து ஆத்தூரில் நிற்கும் காமராஜர் அணையும் தருகிற தைரியம் அது.

பாசனம் எட்டாத மானாவாரிக் காட்டுக்கு அந்தத் தைரியம் இல்லை. சோளமும் கம்பும் உளுந்தும் அங்கே வானத்தைப் பார்த்துத்தான் முளைக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு தூறலை நம்பி விதைத்து, அடுத்த பத்து நாள் வெயில் காய்ந்தால் பாதி விதை முளைவிட்டுக் கருகிவிடும். பயிர் விட்டுவிட்டு நிற்கும். மறுவிதைப்புக்குக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும்.

இந்த மண்ணுக்கும் ஓர் ஊறல் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை ‘விதை கடினப்படுத்துதல்’ என்ற பெயரில் பரிந்துரைக்கிறது.

முளைக்கும் முன் நிறுத்து

விதை தண்ணீர் குடிப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மளமளவென்று உறிஞ்சும். அடுத்து, குடிப்பதைக் குறைத்துக்கொண்டு உள்வேலையைத் தொடங்கும்: நொதிகள் விழிக்கும், சேமிப்பில் கிடந்தபோது பட்ட சேதங்கள் பழுதுபார்க்கப்படும், மாவுச்சத்து உணவாக மாறத் தொடங்கும். மூன்றாவதில் வேர் வெளியே வரும். கடினப்படுத்துதல் என்பது இரண்டாம் கட்டத்திலேயே விதையை எடுத்து உலர்த்திவிடுவது. பிறகு மழை விழுந்ததும் அது விட்ட இடத்திலிருந்து ஓடும். மேல்மண் காய்வதற்குள் வேர் கீழே இறங்கிவிடும்.

மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை போதும். ஒரே வாளியில் அடங்கிவிடும். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் 6 மணி நேரம் ஊறவிட வேண்டும். கம்புக்குப் பொட்டாசியம் குளோரைடு 2 சதவீதக் கரைசலில் 16 மணி நேரம். வடித்தெடுத்துக் கோணிச்சாக்கில் மெல்லப் பரப்பி, நிழலில் கிளறிக் கிளறி உலர்த்த வேண்டும். ஊறப்போடும் முன் இருந்த எடைக்கே விதை திரும்பி வந்துவிட்டால் பக்குவம் சரி.

இதில் கவனமும் வேண்டும். வேர் வெளியே வந்த விதையைக் காயவைத்தால் செத்துப்போகும். அரைகுறையாக உலர்ந்த விதையைப் புழுதியில் போட்டாலும் அதே கதிதான். மருந்து பூசி வந்த விதையை ஊறப்போடவே கூடாது. உலர்த்திய விதையை அடுத்த பட்டத்துக்கு வைக்காமல் அந்தப் பட்டத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

கோதுமைக் காட்டிலும் இதே பாடம்

1990-களில் வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தின் டேவ் ஹாரிஸ் குழுவினர் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச உழவர்களோடு சேர்ந்து இதன் எளிய வடிவத்தைச் சோதித்தார்கள். மருந்தோ உப்போ இல்லை. கோதுமையை இரவு 12 மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மேலீரம் காய்ந்ததும் அன்றே ஈர மண்ணில் விதைத்தார்கள். பயிர் சீக்கிரம் முளைத்தது, முன்னதாகப் பூத்தது, பல வயல்களில் விளைச்சலும் கூடியது. சோதித்துப் பார்த்தவர்கள் உழவர்களே என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் மானாவாரிக்காரர்களும் அப்படிப் பார்க்க வேண்டும். முழுக் காட்டையும் பணயம் வைக்க வேண்டாம். ஒரு பாத்தியில் ஊறிய விதை, பக்கத்துப் பாத்தியில் ஊறாத விதை. முளைப்பை அவர்களே எண்ணட்டும். வேளாண் விரிவாக்க மையங்கள் விதையோடு ஒரு சின்னப் பொட்டலம் உப்பையும், செய்முறைச் சீட்டையும் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மழை இல்லவே இல்லையென்றால் எந்த விதையும் பிழைக்காது. ஆனால் வந்த ஒரே மழையை வீணாக்காமல் பிடித்துக்கொள்ள விதையைப் பழக்க முடியும். அதற்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம், மின்இணைப்பு வேண்டாம். நாற்றங்காலுக்கு விதை கட்டும் அதே கைகளும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.