சர்வர் களமசேரியில், கட்டுப்பாடு கிளவுடில்: இணைப்பு செயல்படுவது எப்படி?

கொச்சி: எர்ணாகுளம் மாவட்டம் களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஒருங்கிணைந்த வளாகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி, எச்எம்டி தொழிற்சாலை ஆகியவை ஒன்றுக்கொன்று அருகிலேயே அமைந்துள்ளன. ஆராய்ச்சி, மருத்துவம், உற்பத்தி என எத்துறையாயினும், சொந்த சர்வர் அறை வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்று எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். பெரும் செலவில் வாங்கிய இயந்திரங்களைக் கைவிட்டு முழுவதுமாக கிளவுடுக்கு மாறுவதா, அல்லது அவற்றை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நிர்வாகத்தை மட்டும் கிளவுடில் ஒப்படைப்பதா?

இரண்டாவது வழிக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019 நவம்பரில் 'அஸூர் ஆர்க்' என்ற சேவையை அறிவித்தது. அதே ஆண்டில் கூகுளின் ஆன்தோஸும் அமேசானின் அவுட்போஸ்ட்ஸும் சந்தைக்கு வந்தன. எனினும் அவுட்போஸ்ட்ஸ் என்பது அமேசான் தனது வன்பொருளையே வாடிக்கையாளர் வளாகத்தில் நிறுவும் முறை. ஆர்க், ஏற்கெனவே உள்ள சர்வர்களையே இணைக்கிறது.

இணைப்பு முறை எளிது. ஒவ்வொரு சர்வரிலும் 'ஏஜென்ட்' எனப்படும் சிறு மென்பொருள் நிறுவப்படுகிறது. அது உள்ளிருந்து வெளியே, 443 என்ற பாதுகாப்பான போர்ட் வழியாக கிளவுடைத் தொடர்பு கொள்கிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு ஃபயர்வாலில் புதிய வழி எதுவும் திறக்க வேண்டியதில்லை. 5 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏஜென்ட் தனது இருப்பைத் தெரிவிக்கும். தகவல் வருவது நின்றால், 15 முதல் 30 நிமிடங்களுக்குள் அந்த சர்வர் தொடர்பற்றது எனத் திரையில் காட்டப்படும்.

மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் கிளஸ்டர்களுக்கு இது மட்டும் போதாது. விஎம்வேர் விசென்டர் போன்ற உள்ளூர் மேலாண்மை மென்பொருளுக்கும் கிளவுடுக்கும் இடையே, 'ரிசோர்ஸ் பிரிட்ஜ்' என்ற பால இயந்திரம் வளாகத்திலேயே நிறுவப்பட வேண்டும். அதன் பின் கிளவுட் திரையிலிருந்து புதிய மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கலாம். ஆனால் அது இயங்குவது உள்ளூர் வன்பொருளில்தான். விசென்டர் கடவுச்சொல்லை மாற்றுவோர் பாலத்திலும் அதை மாற்ற மறந்தால், அத்துடன் மேலாண்மைத் தொடர்பு நின்றுவிடும்.

இத்தகைய ஏற்பாட்டின் மீதான ஆர்வத்துக்கு அண்மைக் காலக் காரணங்களும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதி முடிவடைந்தது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஆர்க் வழியாகக் கட்டணம் செலுத்திப் பெறும் வசதி அளிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. அடிப்படை இணைப்புக்கு ஆர்க்கில் கட்டணம் இல்லை. ஆனால் புதுப்பிப்பு மேலாண்மை, பதிவுச் சேமிப்பு போன்றவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் உண்டு.

சாவி யாரிடம்?

நோயாளிகளின் பதிவேடோ, தேர்வு மதிப்பெண்களோ இந்த இணைப்பால் தானாக வெளியே செல்வதில்லை. சர்வரின் பெயர், இயங்குதளப் பதிப்பு போன்ற விவரங்களே செல்கின்றன. உண்மையில் இடம் மாறுவது தரவு அல்ல, அதிகாரம். உரிய அனுமதி பெற்ற கிளவுட் கணக்கு யாரிடம் உள்ளதோ, அவர் சர்வர் அறைக்குள் நுழையாமலேயே உச்ச நிர்வாக உரிமையுடன் கட்டளைகளை இயக்க முடியும். அந்தக் கணக்கு திருடப்பட்டால் அறைக்கதவின் பூட்டுக்குப் பொருளில்லை. இதைத் தடுக்க, ஏஜென்ட்டைக் கண்காணிப்புக்கு மட்டும் அனுமதிக்கும் அமைப்பு உள்ளது. இதனை சர்வரிலேயே அமைக்க வேண்டும், கிளவுடிலிருந்து மாற்ற இயலாது. பலரும் கவனிக்கத் தவறும் வசதி இது.

சேவை வழங்குநரே கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு, வேறு வகை கிளவுட் சேவை தொடர்பானதாயினும், இந்தியாவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் தடை விதித்ததைத் தொடர்ந்து, அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாள்களில் சேவை மீண்டும் வழங்கப்பட்டது.

இணைப்பு அறுந்தால்

இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டாலும் உள்ளூர் இயந்திரங்கள் தொடர்ந்து இயங்கும். 'அஸூர் லோக்கல்' கிளஸ்டர்கள் மட்டும் 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் கிளவுடைத் தொடர்பு கொள்ள வேண்டும். தவறினால் பழைய மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கும், ஆனால் புதியவற்றை உருவாக்க முடியாது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், களமசேரிக்கு வடக்கே உள்ள நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி மூடப்பட்டு 29-ஆம் தேதியே திறக்கப்பட்டது. அத்தகைய இரு வாரத் துண்டிப்பை இந்த வரம்பு தாங்கும். ஆனால் தரைத்தள சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால், கிளவுட் திரையில் 'தொடர்பில்லை' என்ற வரி மட்டுமே மிஞ்சும். மேலாண்மை இணைப்பு என்பது காப்புப் பிரதி அல்ல. அதனைத் தனியே, வேறோர் இடத்தில், தனிக் கட்டணத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும்.